லேப் புரோகிராம் திருத்தும் மென்பொருள் ஒரே மூட்டையாக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் கணினி லேப் புரோகிராம்களைத் திருத்தும் வேலையை மென்பொருளிடம் விட நினைக்கும் கல்லூரிகளுக்காக இதை எழுதுகிறோம். 60 பேர் படிக்கும் வகுப்பில் வாரம் 2 புரோகிராம் என்றாலே 120 ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றையும் பத்து விதமான எண்கள் கொடுத்து ஓட்டிப் பார்க்க எந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது? ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய ஒரே ஒரு அவுட்புட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது புரோகிராமுக்குப் பொருந்தாது. 5-க்கு 120 (1×2×3×4×5) என்று சரியாகச் சொல்லும் சி மொழி ஃபேக்டோரியல் புரோகிராம், ஓர் அளவுக்கு மேற்பட்ட முழு எண்ணைக் கொள்ளாத இன்ட் வகையில் எழுதியிருந்தால் 13-க்கு 1932053504 என்கிறது. உண்மை விடை 6227020800. தவறான விடையும் பார்வைக்கு நல்ல எண்ணாகவே இருப்பதால் கண் ஏமாந்துபோகும். ஆகவே மென்பொருள் தேவைதான். அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

புரோகிராமை வாங்குவது, கம்பைல் செய்வது (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது), ஓட்டுவது, ஒப்பிடுவது, மதிப்பெண் போடுவது எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு வட்டத்தின் பரப்பளவுக் கணக்கே போதும். ஆரம் 7. பை 3.14 என்று போட்ட மாணவிக்கு 153.86 வரும். 3.14159 போட்டவருக்கு 153.94. பள்ளியில் படித்த 22/7-ஐப் போட்டவருக்கு 154.00. அதே 22/7-ஐ சி மொழியில் புள்ளி இல்லாமல் எழுதினால் முழு எண் வகுத்தலில் 3 ஆகி, விடை 147 என்று வரும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் ஸ்கிரிப்ட், எதிர்பார்த்த விடை 153.94 என்றால், மற்ற மூவருக்கும் பூஜ்யம் போடுகிறது. முதலாமவரும் மூன்றாமவரும் தவறு செய்யவில்லை. பையின் மதிப்பைச் சொல்லாமல் விட்டது கேள்வி. 147 எழுதியவர்தான் பாடம் கற்க வேண்டியவர், அவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம் என்ற விதி தனிப் பகுதியாக இருந்தால் ஆசிரியர் அதை மட்டும் மாற்றி, சேமித்து வைத்த அவுட்புட்களை மறுபடி ஒப்பிட்டால் போதும்; எந்தப் புரோகிராமையும் மீண்டும் ஓட்ட வேண்டியதில்லை. பாகம் பாகமாகப் பிரிக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

முதலில் வாங்கும் பகுதி. மாணவர் அனுப்பியதும் கோப்பை டிஸ்கில் எழுதி, ஒரு ரசீது எண் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கம்பைல் ஆகுமா என்று பார்த்த பிறகு சேமிப்பது தலைகீழ் முறை. 2018 நவம்பர் 16 கஜா புயலில் டெல்டாவில் மின்சாரம் எத்தனை நாள் இல்லாமல் போனது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டாம். சாதாரண மழைக்கால மின்வெட்டே போதும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது சர்வர் நின்றால் அந்த வேலை மறுபடி வரிசைக்குத் திரும்ப வேண்டும். ஒரே ரசீது எண் இரண்டு முறை ஓடினாலும் மதிப்பெண் ஒரே முறைதான் பதிவாக வேண்டும்.

புரோகிராம்கள் ஓடக் காத்து நிற்கும் வரிசைக்கு, முறை வைத்துத் தண்ணீர் விடும் நம் ஊர் முறைப்பாசனத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. தண்ணீர் குறைவாக இருக்கும்போது தலைமடைக்காரர் மதகை அடைக்காமல் வைத்துக்கொண்டால் கடைமடை காய்ந்துபோகும். கடைசி நாள் இரவில் ஒரே மாணவர் இருபது முறை அனுப்பினால் மற்றவர்கள் காத்துக்கிடப்பார்கள். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் வரிசையில் நிற்க வேண்டும். புதிதாக அனுப்பினால் ஓடாமல் நிற்கும் பழையது விலகட்டும். கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். 60 பேர், 10 டெஸ்ட் கேஸ் (சோதித்துப் பார்க்கக் கொடுக்கும் உள்ளீடுகள்), ஒவ்வொன்றும் அதிகபட்சம் 2 வினாடி என்றால் 1200 வினாடி, அதாவது 20 நிமிடம். ஓட்டும் பகுதி தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாமல், வேலையை வாங்கி விடையைக் கொடுப்பதாக மட்டும் இருந்தால், லேபில் சும்மா இருக்கும் நான்கு கணினிகளில் அதை நிறுவி 5 நிமிடத்தில் முடிக்கலாம்.

ஓட்டும் பகுதியில்தான் ஆபத்து அதிகம். 1960-இல் அமெரிக்காவின் ரென்சலேர் கல்வி நிறுவனத்தில் பஞ்ச் கார்டு புரோகிராம்களை இயந்திரமே திருத்திய காலத்திலேயே, மாணவர் புரோகிராம் திருத்தும் புரோகிராமைச் சேதப்படுத்தலாம் என்ற பயம் இருந்தது. இன்று லினக்ஸில் டாக்கர் போன்ற தனிக் கூண்டுக்குள் ஓட்டலாம். கூண்டு இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு வாசலையும் அடைக்க வேண்டும்: இன்டர்நெட் கிடையாது, நினைவகம் 256 எம்பி, அவுட்புட் 1 எம்பி, பிராசஸ் எண்ணிக்கைக்கும் வரம்பு. அவுட்புட் வரம்பை மறந்தால், எண்ணிக்கையை ஒன்று கூட்டும் ஐ பிளஸ் பிளஸ் விட்டுப்போன ஒரே ஒரு லூப் அச்சிட்டு அச்சிட்டு டிஸ்கை நிரப்பிவிடும். நேர வரம்பு இரண்டு வேண்டும். சிபியூ, அதாவது செயலி, உழைக்கும் நேரம் 2 வினாடி என்று மட்டும் வைத்தால், ஸ்லீப் போட்டுத் தூங்கும் புரோகிராம் சிபியூவைத் தொடாமலேயே நாள் முழுக்க இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கடிகார நேரம் 6 வினாடி என்றும் வைக்க வேண்டும். ஜாவாவுக்கு மெய்நிகர் நினைவகத்தின் மேல் இந்த 256 எம்பி வரம்பைப் போட்டால், ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் பெரும்பாலும் கிளம்பவே கிளம்பாது. அது தொடக்கத்திலேயே பெரிய முகவரி இடத்தை ஒதுக்கிக்கொள்வதால், உண்மையில் பயன்படுத்தும் அளவைக் கணக்கிடும் லினக்ஸின் சிகுரூப் வரம்புதான் சரி. எதிர்பார்க்கும் விடைக் கோப்பைக் கூண்டுக்குள் வைக்கவே கூடாது. அதைத் திறந்து அப்படியே அச்சிடும் மாணவர் ஒருவராவது இருப்பார்.

மொழிக்கு ஒரு சிறு பகுதி தனியாக வேண்டும். பழைய டாஸ் கம்பைலரான டர்போ சி-யில் பழகியவர்கள் கோனியோ ஹெடரையும், திரையைத் துடைக்கும் கட்டளையையும், கடைசியில் ஒரு விசை அழுத்தும் வரை காத்திருக்கும் கெட்-சிஎச்சையும் போட்டு அனுப்புவார்கள். லினக்ஸின் ஜிசிசி கம்பைலரில் அந்த ஹெடர் கிடையாது, கம்பைல் ஆகாது. டர்போ சி-யில் இன்ட் 16 பிட்தான், 32767 வரைதான் கொள்ளும் என்பதால் 8 ஃபேக்டோரியலே 40320-க்குப் பதில் -25216 என்று வரும். பழைய ரெக்கார்டிலிருந்து டெஸ்ட் கேஸ் எடுக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒப்பிடும் பகுதியில் வரிக்கடைசி இடைவெளியையும் கடைசி வெற்று வரியையும் தள்ளிவிடலாம். ‘எண்ணை உள்ளிடுக’ என்று மாணவர் அன்போடு அச்சிடும் வரியும் அவுட்புட்டில்தான் சேரும். அச்சிடலாமா கூடாதா என்பதைக் கேள்வியிலேயே எழுத வேண்டும். தமிழ்ச் சொற்களைக் கையாளும் பைத்தான் பயிற்சிகளுக்கு இன்னொரு பொறி உண்டு. கொள்ளிடம் என்ற சொல்லில் முதல் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தான் நீளம் கேட்டால் ஒன்று 9, மற்றது 10. நாம் எண்ணினால் 5. மாணவர் விடை, எதிர்பார்க்கும் விடை இரண்டையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

மதிப்பெண் பகுதி எளிது: டெஸ்ட் கேஸுக்கு எத்தனை மதிப்பெண் என்ற ஒரு பட்டியல்தான். ஆனால் எந்தப் பதிப்பு டெஸ்ட் கேஸ்களால் திருத்தப்பட்டது என்பதையும் கூடவே பதிய வேண்டும். இல்லாவிட்டால் மறுமதிப்பீடு கேட்கும் மாணவருக்குப் பதில் சொல்ல முடியாது. காப்பி கண்டுபிடிக்கும் கருவியைப் பத்து வரிப் புரோகிராம்களில் பயன்படுத்தாதீர்கள். 60 பேரின் ஃபேக்டோரியலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மாணவருக்குச் சொல்லும் பகுதி தமிழில் பேசட்டும். புரோகிராம் நின்றதும் லினக்ஸ் தரும் முடிவுக் குறியீடு 139 வந்தால் ‘உங்களுக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொட்டுவிட்டீர்கள், அரேயின் எல்லையைப் பாருங்கள்’ என்றும், 136 வந்தால் ‘பூஜ்யத்தால் வகுத்திருக்கிறீர்களா பாருங்கள்’ என்றும் எழுதினால் தமிழ்வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவர் தானே திருத்திக்கொள்வார். ‘தவறு, 0/10’ என்ற வரி அவரை லேபை விட்டே விரட்டிவிடும்.

பெரும் செலவு தேவையில்லை. இணையவழிப் பாட மென்பொருளான மூடுல் வைத்திருக்கும் கல்லூரிகள், அதனுடன் இணையும் இலவசமான கோட்ரன்னரைச் சேர்க்கலாம். புரோகிராமை ஓட்டும் வேலையை அது ஜோப் என்ற தனி சர்வரிடம் விடுகிறது, நாம் சொல்லும் பிரிவினை அதிலேயே இருக்கிறது. விலைக்கு வாங்குவதாக இருந்தால், கொட்டேஷன் கொடுக்க வருபவரிடம் மேலே சொன்ன வட்டக் கணக்கின் நான்கு விடைகளையும் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு 153.86-ஐயும் 154.00-ஐயும் ஏற்கும்படி விதியை மாற்றி, புரோகிராம்களை ஓட்டாமலேயே அங்கேயே மறுபடி மதிப்பெண் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.