கடை கம்ப்யூட்டருக்கு மாறும்போது

அன்புள்ள அம்மணிக்கு,

ஹார்டுவேர் கடையை மாமா உன் பொறுப்பில் விட்டது கேட்டு மனசு நிறைந்தது. ஆட்களைக் கூட்டி, "ஒண்ணாந்தேதியிலிருந்து எல்லாம் கம்ப்யூட்டரில்தான்" என்று சொல்லப்போவதாகச் சொன்னாயே, அது வேண்டாம் கண்ணு. முதல் வாரம் பில் போடும் நாற்காலியில் நீயே உட்கார். எந்தப் பொருளைத் தேட நேரமாகிறது, கூட்டம் எங்கே தேங்குகிறது என்பது அங்கே இருந்தால்தான் தெரியும்.

பொருள் பட்டியலை சாஃப்ட்வேர் பையனிடம் விடாதே. கவுன்டரில் நிற்கும் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போடு. பி.வி.சி. பைப்பில் 20 மி.மீ. என்றால் அரை இஞ்ச். வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி. பைப்பில் அரை இஞ்ச் 15 மி.மீ.; அங்கே 20 என்றால் முக்கால். கம்பெனி பில்லில் உள்ள மி.மீ.யை மட்டும் ஏற்றிவைத்தால், பிளம்பர் "அரை இஞ்ச் எல்போ பத்து" என்று பைப்பை வளைத்துச் சேர்க்கும் துண்டைக் கேட்க, முக்கால் போய்ச்சேரும். சாயங்காலமே திரும்பி வரும். பெயரில் பைப் வகை, இஞ்ச், மி.மீ. மூன்றும் இருக்கட்டும். இது பெரியவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

ஒயர் 90 மீட்டர் காயிலாக வரும், மீட்டர் கணக்கில் போகும். ஒரு காயில் 90 மீட்டர் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லாவிட்டால், 5 மீட்டர் விற்றதற்கு 5 காயில் கழிந்து இருப்பு மைனஸில் நிற்கும். சரக்கு இறங்கியதும் விற்க ஆரம்பித்து, கொள்முதல் பில்லை இரண்டு நாள் கழித்து ஏற்றினாலும் இதே மைனஸ்தான்.

அதனால் முதல் இரண்டு மாதம் இருப்பு குறைந்தால் ஆட்களைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை பேசிவிடாதே. பேசினால் மறுநாளே துண்டுச்சீட்டில் வியாபாரம் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் காட்டும் கணக்கு எதற்கும் உதவாது. "எந்த என்ட்ரி விட்டுப்போச்சுன்னு சேர்ந்து பார்ப்போம்" என்று கேள்.

வேகமாக ஓடும் 300 அயிட்டம் ஆரம்பத்துக்குப் போதும். இரண்டு வாரம் பழைய நோட்டும் கூடவே ஓடட்டும். இரவு கடை அடைக்குமுன் இரண்டு மொத்தத்தையும் ஒத்துப்பார். ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடு. 3 சதவீதம் வரை தள்ளுபடியை அவர்களே போடட்டும். விலை கேட்டு உன்னையே தேடி வந்துகொண்டிருந்தால், பழைய கடையில் ஒரு கம்ப்யூட்டர் வந்த மாதிரிதான் இருக்கும்.

ஜிஎஸ்டி வரி விகிதத்தைத் தேதியோடு ஏற்று. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு 28 போய் 18 சதவீதம் வந்தது. அந்த மாதத்தில் இரண்டு விகிதமும் இருக்கும். சப்ளையர்கள் கணக்கில் காட்டிய பில்களெல்லாம் இருக்கும் பட்டியல்தான் ஜிஎஸ்டிஆர் 2பி; மாதம் 14-ஆம் தேதி வரும் அதோடு கொள்முதல் பில்களை ஒத்துப்பார். அதில் வராத பில்லுக்கு நாம் கொடுத்த வரியை, கட்டவேண்டிய வரியில் கழிக்க முடியாது, அன்றைக்கே சப்ளையரைக் கூப்பிடு.

கடன் நோட்டைக் கடைசியில் ஏற்று. அதற்குமுன் ஒவ்வொரு கான்ட்ராக்டரிடமும் பாக்கியைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடு.

அன்புடன்,
அப்பா