பாறைக்குள் போன வாயு எங்கே?

ஆசிரியருக்கு,

திருகோணமலையின் எண்ணெய்க் குதங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கனடாவின் வேபர்ன் எண்ணெய் வயலில் 2000 முதல் காபனீரொட்சைட்டைப் பாறைக்குள் செலுத்தி, எஞ்சிய எண்ணெயை வெளியே தள்ளுகிறார்கள். சரி, உள்ளே போன வாயு எங்கே நிற்கிறது? செலுத்துமுன் நில அதிர்வு அலைகளை அனுப்பி ஒரு படம் எடுப்பார்கள், அப்புறம் சில ஆண்டுகள் கழித்து இன்னொன்று. வாயு புகுந்த பாறையில் அலையின் வேகம் குறையும். இரண்டு படத்தையும் ஒப்பிட்டால் அந்த இடம் தெரிந்துவிடும். நோர்வேயின் ஸ்லைப்னர் கடல் வாயு வயலிலும் இதே வழிதான். முதல் படத்தைத் தவறவிட்டால் பிறகு ஒப்பிட எதுவுமில்லை, அதுதான் முக்கியம்.

மன்னார்க் கடலில் 2011இல் இயற்கை வாயு கண்ட நாடு இது. அங்கு எடுத்த நில அதிர்வுத் தரவுகளை நம் பல்கலைக்கழக மாணவர்கள் படிக்க உரியவர்கள் வழிசெய்ய வேண்டும்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.