கொல்லிமலைப் பயணத்தில் துணைநின்ற ஹாம் நண்பர்களுக்கு நன்றி மடல்

ஹாம் வானொலி (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக இயக்கும் வானொலித் தொடர்பு) நண்பர்களுக்கும், காரவள்ளி, சோளக்காடு பகுதி மக்களுக்கும் வணக்கம்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் எங்கள் மிதிவண்டிப் பயணம் சென்ற ஞாயிறன்று நல்லபடியாக நிறைவுற்றது. சென்ற ஆண்டு இதே பாதையில் ஒரு பெண் சறுக்கி விழுந்து கை எலும்பு முறிந்தபோது, ஆம்புலன்ஸ் அவருக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. செல்பேசியில் சிக்னலும் இல்லை. கையைத் தாங்கிப் பிடித்தபடி அவர் சாலையோரத்தில் காத்திருந்த நாற்பது நிமிடங்களை நான் மறக்கவில்லை.

இந்த ஆண்டு எங்களுடன் துணைக்கு வரும் ஆறு வாகனங்களிலும், வண்டி இருக்கும் இடத்தை வானொலி வழியே அறிவிக்கும் ஏபிஆர்எஸ் கருவி பொருத்தலாம் என்று நீங்களாகவே முன்வந்தீர்கள். ஜிபிஎஸ் தரும் இருப்பிடத்தை 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றி, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஹாம்களுக்கான 2 மீட்டர் அலைவரிசையில் அனுப்பிவிடும் இந்த முறைக்குச் செல்பேசிக் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். அமெரிக்கக் கடற்படை அகாதெமியில் பணியாற்றிய பாப் புருனிங்கா, 1984இல் 100 மைல் குதிரை ஓட்டம் ஒன்றில் குதிரைகளின் இருப்பிடத்தை அறிய எழுதிய நிரலிலிருந்து வளர்ந்தது இது. 2022இல் மறைந்த அவரை இம்மடலில் நன்றியுடன் நினைத்துக்கொள்கிறேன்.

ஒத்திகை நாளில் நேர்ந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. வண்டி திரும்பும்போதெல்லாம் இருப்பிடத்தை அனுப்பும்படி கருவிகளை அமைத்திருந்தோம். நேர்ச்சாலைக்கு மிகவும் பொருத்தமான அந்த ஏற்பாடு, 70 வளைவுள்ள பாதையில் ஆறு வண்டிகளையும் ஓயாமல் பேச வைத்தது. ஒன்றின் குரல் மற்றொன்றின் மேல் விழுந்து, எதுவுமே வந்து சேரவில்லை. அதை நிறுத்திவிட்டு, ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கொண்டு ஒரு நிமிடத்தை ஆறு பங்காக்கி, வண்டிக்குப் பத்து நொடி என ஒதுக்கலாம் என்று சொன்ன மூத்த ஹாம் ஐயா அவர்களுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். அன்றிரவே ஆறு கருவிகளையும் அவர் தம் கையாலேயே திருத்திக் கொடுத்தார்.

மலையைப் பார்த்தபடி இருக்கும் தம் வீட்டு மொட்டைமாடியில் வண்டிகளின் செய்தியைப் பெற்று மீண்டும் அனுப்பும் மறு ஒலிபரப்பிக் கருவியை வைக்க இடமும் மின்சாரமும் தந்து, விடியற்காலை நான்கு மணிக்கே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற விவசாயக் குடும்பத்தாருக்கு என் வணக்கம். மலை மடிப்புகளில் மறைந்துபோன சில வளைவுகளைத் தவிர, ஏற்றம் முழுவதும் வண்டிகளின் இருப்பிடம் அந்த மாடி வழியாகவே எங்களுக்குக் கிடைத்தது.

காலை ஒன்பதரை மணியளவில் 43ஆம் வளைவில் ஒருவர் விழுந்துவிட்டதாக அங்கே நின்றிருந்த ஹாம் நண்பர் அறிவித்தார். ஆம்புலன்ஸ் வெகு மேலே இருப்பதையும், முதலுதவி ஜீப் இரண்டே வளைவு கீழே இருப்பதையும் திரையில் ஒரே பார்வையில் கண்டோம். ஜீப்பை உடனே மேலே அனுப்பினோம். ஆம்புலன்ஸ் இறங்கி வருவதற்குள் காயத்துக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது. எந்த வண்டியை அனுப்புவது என்று அந்த நேரத்தில் நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

உரிமம் பெற்றவர்தாம் தமக்கென வழங்கப்பட்ட அடையாளப் பெயரான அழைப்புக்குறியில் கருவியை இயக்க வேண்டும் என்பதால், ஆறு ஹாம் நண்பர்கள் ஒரு பைசா வாங்காமல் நாள் முழுவதும் வண்டிக்குள்ளேயே இருந்தீர்கள். ஆம்புலன்ஸில் அமர்ந்திருந்த தம்பிக்கு வளைவுகளில் தலைசுற்றி இரண்டு முறை வாந்தி வந்ததை மாலையில்தான் ஓட்டுநர் சொல்லி அறிந்தேன். மாறி உட்கார ஆள் வேண்டும் என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

எங்கள் குழுவில் நானும் இன்னும் இருவரும் ஹாம் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த ஆண்டு அந்தத் தம்பியின் இருக்கையில் பாதி நாளாவது நான் அமர விரும்புகிறேன்.

அனைவருக்கும், ஹாம் வழக்கில் நல்வாழ்த்தைக் குறிக்கும் 73.

அன்புடன்,
பயண ஒருங்கிணைப்பாளர்