தாமதமான தீயும் பொய்யான செய்தியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' வீடியோ கேம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2009-இல் வந்த கேமை இன்றும் நினைவில் வைத்து எழுதியதில் மகிழ்ச்சி. ஆனால் தளபதி லோகேனை 'அரசனைக் கைவிட்டு ஓடிய துரோகி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த கேமை எனக்குப் பழக்கியவள் என் மகள். ஆஸ்டகர் போரை முதல் தடவை ஆடி முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், சிக்னலைத் தாமதமாகக் கொடுத்தது நான்தான்.

திட்டம் இதுதான். ஃபெரல்டன் நாட்டு மன்னர் கைலனும், அரக்கர்களை ஒழிப்பதையே கடமையாகக் கொண்ட கிரே வார்டன் வீரர்களும் பள்ளத்தாக்கில் நின்று அரக்கப் படையை எதிர்கொள்ள வேண்டும். இஷால் கோபுரத்தின் உச்சியில் தீ எரிந்ததும், மறைந்திருக்கும் லோகேனின் படை பக்கவாட்டில் வந்து தாக்க வேண்டும். தீ மூட்டும் வேலை விளையாடுகிற நமக்கும், நம்மோடு வரும் கிரே வார்டன் வீரன் அலிஸ்டருக்கும். போனால், அரக்கர்கள் தரையைக் குடைந்துகொண்டு கோபுரத்துக்குள் ஏற்கெனவே புகுந்திருக்கிறார்கள். மாடி மாடியாகச் சண்டை போட்டு, உச்சியில் ஒரு ராட்சசனையும் சாய்த்த பிறகுதான் தீயை மூட்ட முடிகிறது. நேரம் தவறிவிட்டது என்று அலிஸ்டரே பதறுகிறான்.

என் பணிக்காலத்தில் ஓர் இரவுப் பயிற்சி. என் செட்டில் பேட்டரி இறங்கிப்போய், 'முன்னேறு' என்ற செய்தி நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் இருந்த அதிகாரி உடனே ஆட்களைக் கிளப்பவில்லை. "இது எப்போது கொடுத்த செய்தி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வயர்லெஸ்ஸில் பதில் சொல்லலாம். கோபுரத்துத் தீ என்ன பதில் சொல்லும்? லோகேன் பார்த்தது ஒரு வெளிச்சம் மட்டும். கீழே மன்னர் இன்னும் நிற்கிறாரா, இருக்கிற படையையும் இறக்கினால் நாட்டைக் காக்க யாராவது மிஞ்சுவார்களா என்று அவர் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பின்வாங்கச் சொல்கிறார். மன்னரை என்ன செய்வது என்று அவருடைய துணைத் தளபதி காத்ரியன் தயங்குகிறாள். அவள் கையைப் பிடித்து, சொன்னதைச் செய் என்கிறார். அந்தப் பிடியைப் பயந்தவனின் பிடி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆர்லே நாட்டின் ஆக்கிரமிப்பிலிருந்து ஃபெரல்டனை மீட்ட போரில் ரிவர் டேன் வெற்றியைத் தந்தவர் அவர். ஓடிப் பழகிய ஆள் இல்லை. கைலன் முன்வரிசையில் நிற்கக்கூடாது என்று ஆலோசனைக் கூட்டத்திலேயே வாதாடியவரும் அவர்தான். ஆகவே பின்வாங்கியதற்கு மட்டும் என்றால், சந்தேகத்தின் பலனை அவருக்குத் தருவேன்.

சரி, அப்புறம் நடந்தது? அங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. பின்வாங்கிய தளபதியின் முதல் கடமை, நடந்ததை நடந்தபடி சொல்வது. லோகேனோ, போரில் மடிந்த மன்னரைக் கிரே வார்டன்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள் என்று பழி போட்டார். தாமதமான செய்தியை மன்னிக்கலாம். பொய்ச் செய்தியை மன்னிக்கவே முடியாது. அந்தப் பொய்யால் நாடு இரண்டுபட்டு, அரக்கர்கள் வாசலில் நிற்கும்போது உள்நாட்டுப் போர் மூண்டது. ஏமன் பிரபுவுக்கு விஷம் வைக்க மந்திரவாதி ஒருவனை ஏவியதும் லோகேன்தான்.

இவற்றையெல்லாம் விட மோசமான ஒன்றை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. தலைநகர் டெனரிமில், எல்ஃப் என்ற ஒடுக்கப்பட்ட இனத்தார் வாழும் சேரியிலிருந்து ஏழை ஜனங்களைப் பிடித்து, போர்ச் செலவுக்காக டெவின்டர் நாட்டு அடிமை வியாபாரிகளிடம் விற்றார். கிடங்கில் கூண்டுக்குள் அவர்கள் நிற்பதை நாமே பார்க்கிறோம். வியாபாரி காலாட்ரியஸிடம் இருந்த பத்திரங்கள் லோகேனைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆஸ்டகரில் அவருக்குக் கிடைத்தது சில நொடிகள். இந்த வியாபாரத்தை அவர் உட்கார்ந்து, யோசித்து, ஒப்புக்கொண்டிருக்கிறார். என் தீர்ப்பு இதற்குத்தான்.

பிரபுக்களின் சபையில் அவரைத் தோற்கடித்ததும் தீர்ப்பு நம் கைக்கு வருகிறது. முதல் தடவை அலிஸ்டரே வாளை ஓங்கினான். சாவதற்கு முன் லோகேன், மகள்கள் அப்பாவுக்கு எப்போதும் சின்னக் குழந்தைகள்தான் என்கிற மாதிரி தன் மகள் அனோராவிடம் பேசுகிறார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் தடவை, மூத்த கிரே வார்டன் ரியோர்டன் சொன்ன யோசனைப்படி லோகேனைக் கிரே வார்டனாகச் சேர்த்துக்கொண்டேன். அது மன்னிப்பு இல்லை. செய்ததற்கு உயிரோடு இருந்து பதில் சொல்லட்டும் என்று நினைத்தேன். கடைசியில் டிராக்கன் கோட்டையின் மேல்தளத்தில், அரக்கப் படையின் தலைவனான ஆர்ச்டீமன் என்ற டிராகனைக் கொல்லும் கிரே வார்டன் தானும் சாவான் என்று தெரிந்தும், அந்த வெட்டைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டார். கொடுத்தேன்.

ஆனால் லோகேனைச் சேர்த்த அன்றே அலிஸ்டர் எங்களை விட்டுப் போய்விட்டான். 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தில், கிர்க்வால் நகரத்து மதுக்கடையில் குடித்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருக்கிறான். அன்று கோபுரத்தில் என்னோடு படியேறியவன் அவன்.

இப்படிக்கு,
சிக்னல்ஸ் பிரிவில் இருந்த ஒரு வாசகன்