உப்புவெளி வீட்டு நாய்களைப் பற்றி

திருகோணமலை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓகஸ்ட் விடுமுறைக்கு மகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் உன்னோடு வருகிறார்கள் என்று வாசித்ததும், நண்டுக்கும் கணவாய்க்கும் யாரிடம் சொல்லிவைப்பது என்று என் மனைவி இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் உன் கடிதத்தின் பெரும்பகுதி, உப்புவெளி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வளர்க்கும் இரண்டு நாய்களைப் பற்றியதாகவே இருந்தது. நாய்க்குத் தடுப்பூசி போடுவது இங்கே சட்டமா, வெறும் வழக்கமா என்றும், பிள்ளைகளைக் கடித்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். இந்தச் சிவராத்திரிக்கு மறுநாள் கடிபட்டவன் நான்.

சட்டம்தான், அதுவும் மிகப் பழைய சட்டம். 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் வெள்ளைக்காரர் காலத்தில் இயற்றப்பட்டு, இடையிடையே திருத்தப்பட்டு, இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. நாயை வைத்திருப்பவர் அதனை ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் பதிவுசெய்ய வேண்டும். விசர்த் தடுப்பூசியும் போடுவிக்க வேண்டும். பதிவை எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை என்பதை உன்னிடம் மறைப்பானேன்? ஊசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. முகாம் நடக்கும் நாளை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு முச்சக்கர வண்டி வரும். நாய்களைக் கயிற்றிலும் பூனைகளை உரப்பையிலும் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பெரியவர்கள் மட்டும் அன்றைக்குத்தான் ஏதோ அலுவலாகப் போயிருப்பார்கள்.

அப்படி ஓர் அலுவலின் பயனை நான் அனுபவித்தேன். கோணேசர் கோயிலில் இரவு முழுவதும் விழித்திருந்து, விடியற்காலையில் கோட்டை வாசல் வழியாக நடந்து வந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது, அயல்வீட்டு நாய், ஆறு ஆண்டுகளாக என்னை அறிந்த நாய், இருட்டில் என் வேட்டியைக் கண்டு மிரண்டு கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டது. தோல் உரிந்திருந்தது, இரத்தம் பெரிதாக வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கோப்பித்தூள் போத்தலோடு ஓடி வந்தார். இவள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைக்கப் போனாள். இருவரையும் நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். விசர்நோய்க் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். எண்ணெய்ச் சட்டி கழுவுகிற அதே வேலைதான். காயத்தில் எதையாவது அப்பினால் கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

வைத்தியசாலையில் என் காலைப் பார்ப்பதற்கு முன்னரே நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டார்கள். நாயோ பூனையோ, ஒரு வயதைக் கடந்ததாய், குறைந்தது இரண்டு தடவையாவது ஊசி பெற்றதாய், கடைசி ஊசி ஓராண்டுக்குள் போடப்பட்டதாய், கடிக்கும்போது நோய்க்குறி எதுவும் இல்லாததாய், அதன்பின் கட்டிவைத்துக் கவனிக்கக்கூடியதாயும் இருந்தால், கடிபட்டவருக்கு உடனே ஊசி போடாமல் நாயைப் பதினான்கு நாள் கவனித்துக்கொண்டிருக்கலாம் என்பது இங்குள்ள நெறி. அயல்வீட்டுக்காரர் நல்ல மனிதர். அட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதில் கடைசியாக இருந்த கையொப்பத்துக்குப் பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. வைத்தியர் அட்டையை மூடித் திருப்பிக் கொடுத்தபோது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஏழு மாதத் தாமதத்துக்காக அவர் நாய் ஊசியில்லாத நாய்களின் கணக்கில் சேர்ந்தது. நான் ஊசி வரிசையில் சேர்ந்தேன்.

ஊசி என்றதும் உனக்கு எது நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். டச்சுக்குடாக் கடற்கரையில் கடிபட்ட நம் வகுப்புத் தோழன் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியும் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி வகுப்பில் உட்கார்ந்திருப்பானே, அந்தக் காலம் போய்விட்டது. இப்போது தோலுக்குள்ளே மிகச் சிறிய அளவில் போடுகிறார்கள். ஓரிடத்தில் ஒரு மில்லிலீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்பது முறை. கடி ஆழமானதாகவோ, முகம், தலை, கழுத்து, விரல் நுனி ஆகிய இடங்களிலோ இருந்தால், ஊசி மட்டும் போதாது. தடுப்பூசி உடலில் எதிர்ப்பை உண்டாக்கச் சில நாள் செல்லும். அதுவரை காத்திருக்க முடியாதபடியால், ஆயத்தமான எதிர்ப்புப் பொருளைச் சீரமாகக் காயத்துக்குள்ளேயே ஏற்றுகிறார்கள். குதிரையிலிருந்து பெறும் சீரமானால் ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் பரிசோதிப்பார்கள். கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறுவதால், காயம் மூளைக்கு எவ்வளவு அண்மையிலோ அவ்வளவுக்கு அவகாசம் குறைவு. சிறுபிள்ளைகளின் முகம் நாயின் வாயின் உயரத்தில் இருக்கிறது என்பதை நீ மனத்தில் வைத்துக்கொள்.

அடுத்த பதினான்கு நாளும், என்னைக் கடித்த நாயின் ஆரோக்கியத்துக்காகப் பிரார்த்தித்த விசித்திரமான நாட்கள். காலையில் பத்திரிகையை எடுக்கும் முன் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்ப்பேன். மாமரத்தடியில் கட்டப்பட்டிருந்த அது வாலை ஆட்டும். ஒருநாள் சோற்றைத் தொடாமல் கிடந்தது. எனக்கும் சோறு இறங்கவில்லை. பின்னேரம் கருவாட்டுத் தலை போட்டதும் எழுந்து தின்றதாம். நோய்கண்ட நாயின் உமிழ்நீரில் கிருமி வெளிப்படுவது குறிகள் தோன்றுவதற்குச் சில நாள் முன்புதான்; அதன்பின் நாய் அதிக நாள் உயிரோடிருக்காது. ஆகவே பதினான்காம் நாளும் சுகமாக இருக்கும் நாய், கடித்த அன்று கிருமியைக் கொடுத்திருக்க முடியாது. அந்தக் கணக்கின்படி என் நான்காவது ஊசி தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். இடையில் நாய் இறந்திருந்தால், அதன் தலையைப் பனிக்கட்டியில் பொதிசெய்து, கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்திருக்கும். இறந்த நாயை அவசரப்பட்டுப் புதைத்துவிடக் கூடாது என்பதை உன் தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன்.

வீட்டு நாய்க்கு அட்டையாவது இருக்கிறது. தெருவில் படுத்திருக்கும் கட்டாக்காலிகளுக்கு ஒழுங்கை முழுவதும் சோறு வைக்கிறது. உரிமையாளர் யார் என்று கேட்டால் ஒழுங்கை முழுவதும் வாயை மூடிக்கொள்கிறது. சோறு வைப்பவனே ஊசிக்கும் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி; இவள் அதற்காகவே என்னை ஏசுவாள், ஏனென்றால் சோறு வைப்பவள் அவள். நாம் சிறுவர்களாக இருந்தபோது நாய் பிடிக்கும் வண்டி வருவது உனக்கு நினைவிருக்கும். 2006ஆம் ஆண்டோடு நாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்டது. அதைக் குறைசொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் அவர்களோடு சேர மாட்டேன். ஊசி போட்ட நாயைக் கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி போடாத இன்னொரு நாய் வரும். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது ஊசி போட்டிருந்தால் நோய் பரவ வழியற்றுப் போகும் என்கிறார்கள். ஆண்டுதோறும் குட்டிகள் பிறப்பதால் அந்த எழுபதை ஆண்டுதோறும் எட்ட வேண்டும். 1973இல் இந்நாட்டில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்ற மருந்தில்லாத நோய் என்பதால் அந்த இருபதும் என்னை உறுத்துகிறது.

கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்குப் பிள்ளைகள் தீனி கொடுக்கலாமா என்று உன் மகள் கேட்டாளாமே. பாலூட்டி எதுவானாலும் இந்த நோயைக் காவக்கூடும். ஆனாலும் நான் பயப்படுவது மானுக்கல்ல, பூனைக்கும் கீரிக்கும். பூனை பிறாண்டியதை யாரும் கடியாக மதிப்பதில்லை, வீட்டிலும் சொல்வதில்லை. "நாயோடு விளையாடாதே என்று சொன்னேனல்லவா" என்ற ஏச்சுக்குப் பயந்து பிள்ளைகள் கீறலை மறைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. நோய் சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் வெளிப்படுவதால், அதற்குள் அவர்கள் லண்டன் திரும்பியும் இருப்பார்கள். மறைத்தால்தான் ஏச்சு, சொன்னால் ஏச்சில்லை என்று இப்போதே அவர்களிடம் சொல்லிவை. புறப்படும் முன் அங்கேயே முற்காப்பு ஊசி போடுவது பற்றியும் அவர்களின் வைத்தியரிடம் கேள். அது போட்டிருந்தாலும் கடிபட்டால் இங்கே ஊசி போட வேண்டியதே. ஆனால் இரண்டு நாளோடு முடிந்துவிடும், சீரம் தேவைப்படாது.

சின்னவள் குட்டி ஒன்றை லண்டனுக்குக் கொண்டுபோகக் கேட்பாள் என்று எழுதியிருந்தாய். தோலுக்கடியில் அடையாள நுண்சில்லு பொருத்தி, அதன்பின் ஊசி போட்டு, முப்பது நாளாவது கழித்து இரத்தம் சோதித்து, சரியாக வந்தால் அதற்குமேல் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விடுமுறைக்குள் நடக்கிற காரியமல்ல என்று சொல்லித் தப்பிக்கொள்.

நேற்றுத் தம்பியைக் கூட்டி அட்டைகளைப் பார்த்தேன். கறுப்பு நாய்க்கு இரண்டு ஊசியும் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் கடைசி ஊசி சென்ற ஓகஸ்ட் முதல் வாரத்தில் போட்டது, அதாவது நீங்கள் வந்திறங்கும் வாரத்தில் காலாவதியாகும். செவலைக்கு ஒரே ஓர் ஊசிதான். இரண்டையும் செவ்வாய்க்கிழமை மிருக வைத்தியரிடம் கொண்டுபோகிறோம். முச்சக்கர வண்டிக்காரர் நாய் ஏற்றச் சம்மதித்துவிட்டார், கறுப்பனின் வாயைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிள்ளைகளின் வயதையும் அங்கே முற்காப்பு ஊசி போடுகிறார்களா என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்