பின் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள், அளந்து மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றாலச் சீசன் நெருங்கினாலே நெல்லை வட்டாரப் பட்டறைகளுக்குப் பழைய ஸ்டேஷன் வேகன்கள், அதாவது பின்பக்கம் சாமான் வைக்க நீட்டிய கார்கள், வரத் தொடங்கிவிடும். இண்டிகோ மெரினா, பலேனோ ஆல்டுரா போன்ற வண்டிகளை இன்று புதிதாக வாங்க முடியாது. ஆனால் ஐந்து பேரும் அவர்களின் மூட்டை முடிச்சும் தாராளமாக ஏறுவதால், வைத்திருப்பவர்கள் விட மனமில்லாமல் ஓட்டுகிறார்கள். எல்லோருக்கும் குறை ஒன்றுதான். ஆளும் சாமானும் ஏறினால் வால் தாழ்ந்துவிடுகிறது. நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் வேகமெடுத்தால் பின்பக்கம் அலைகிறது. "கொஞ்சம் ஹார்டா, கொஞ்சம் இறக்கமா ஒரு ஸ்பிரிங் போடணும்" என்று கேட்கிறார்கள். "ரெண்டு சுத்து வெட்டுனா ரெண்டும் நடந்துரும் அண்ணாச்சி" என்று பதில் வருகிறது. அந்தப் பதில் எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கணக்கோடு சொல்லவே இக்கடிதம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பழைய ஸ்பிரிங் 'லூசாகிவிட்டது' என்கிறோம். எஃகுச் சுருள் பல வருட பாரத்தில் நீளம் குறையும், வண்டி 15, 20 மில்லிமீட்டர் தாழும். ஆனால் அதன் விறைப்பு, அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்ற எண், துரு தின்று கம்பி மெலியாதவரை மாறுவதில்லை. வண்டி தாழ்ந்ததால், அமுங்கலின் கடைசியில் முட்டித் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு இருந்த இடைவெளி குறைந்து, பள்ளத்துக்குப் பள்ளம் முட்டுகிறது. அலைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் ஓய்ந்துபோன ஷாக் அப்சார்பரும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்), இணைப்புகளில் பிய்ந்த ரப்பர் புஷ்களும்தான். ஆகவே ஹார்டு ஸ்பிரிங் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்காவது கம்பெனி அளவுப் புது ஸ்பிரிங், புது ஷாக், புது புஷ் போட்டாலே போதும். இதை முதலில் பார்க்காமல் விறைப்பைக் கூட்டுவது வீண் செலவு.

அதற்கு மேலும் விறைப்பு வேண்டும் என்றால், கம்பியின் கனம், சுருளின் விட்டம், உழைக்கும் சுற்றுகளின் (முனைகளில் படிந்து நிற்பவை போக, அமுங்கி விரியும் சுற்றுகளின்) எண்ணிக்கை ஆகிய மூன்றும் விறைப்பைத் தீர்மானிக்கின்றன. கம்பியின் கனம் நான்காம் படியில் (கனத்தை நான்கு முறை தன்னோடு பெருக்கிய அளவில்) வேலை செய்கிறது. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு வண்டியின் அளவும் அல்ல, கணக்குக்காக மட்டும். கம்பி 12 மி.மீ., சுருளின் நடு விட்டம் 120 மி.மீ., உழைக்கும் சுற்று 6, பாரமில்லாத நீளம் 330 மி.மீ. இதன் விறைப்பு மி.மீ.க்கு 2 கிலோ. கம்பியை 12.5 ஆக்கினால் சுமார் 2.35, 13 ஆக்கினால் 2.75. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 38 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் கம்பியை வெர்னியரில் அளக்க வேண்டும், ஸ்கேலில் அளந்தால் ஏமாந்துவிடுவோம். துருவையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

இப்போது வெட்டும் கணக்கு. காலி வண்டியில் ஒரு பின் சக்கர ஸ்பிரிங்கின் மேல் 200 கிலோ இருந்தால் அது 100 மி.மீ. அமுங்கி நிற்கும். அங்கிருந்து பம்ப் ஸ்டாப்புக்கு 90 மி.மீ. இருப்பதாகவும், சக்கரம் தொங்கும்போது ஷாக் 80 மி.மீ. நீள்வதாகவும் கொள்வோம். இரண்டு சுற்று வெட்டினால் மீதி நான்கு. விறைப்பு 3 கிலோ ஆகிவிடும், உண்மைதான். ஆனால் நீளத்தில் சுமார் 100 மி.மீ. போய்விட்டது, வண்டி 67 மி.மீ. இறங்கிவிடும். பம்ப் ஸ்டாப்புக்கு மீதம் 23 மி.மீ. மட்டுமே. பின்னால் மூன்று பேரும் சாமானும் ஏறி, சக்கரத்துக்கு 120 கிலோ கூடினால் 40 மி.மீ. அமுங்க வேண்டும், இடமில்லை. வண்டி ரப்பர் கட்டையின் மேல் உட்கார்ந்து ஓடும். 'நல்லா ஹார்டா இருக்கு' என்று தோன்றுவது ஸ்பிரிங்கால் அல்ல, அந்த ரப்பரால். அந்த அடி முழுவதையும் பாடிதான் வாங்கும். ஷாக்கின் மேல் முனை பாடியில் பொருந்தும் ஷாக் டவரின் வெல்டிங் விரிவது இப்படித்தான்.

அதைவிட மோசமானது எதிர்த் திசை. தொங்கும்போது ஸ்பிரிங் உட்காரும் மேல் கீழ் சீட்டுகளுக்கு (தட்டுகளுக்கு) இடையே 310 மி.மீ. இருக்கிறது, வெட்டிய ஸ்பிரிங் 230 மி.மீ. தான். 80 மி.மீ. இடைவெளியில் அது சீட்டை விட்டு விலகும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டொக்' என்று கேட்பது இதுதான். ஒருமுறை அது சாய்ந்து உட்கார்ந்தால் டயரையோ பிரேக் ஹோஸையோ கிழிக்கும்.

கேஸ் வெல்டிங் நெருப்பில் சூடு காட்டி இறக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெம்பர் (பதப்படுத்தியதால் வந்த உறுதி) போன எஃகு ஸ்பிரிங்கே அல்ல. அது தொடர்ந்து தாழும், அல்லது சூடுபட்ட இடத்தில் உடையும். சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் துண்டு செருகுவதும் அதே ரகம். செருகிய இடத்தில் சுற்று உழைக்காமல் நின்று, பக்கத்துச் சுற்றின் மேல் பளு குவியும்.

அப்படியானால் எவ்வளவு கூட்டலாம், எவ்வளவு இறக்கலாம்? இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன. பழைய ஸ்பிரிங்கில் முழு பாரத்துக்கு 60 மி.மீ. தாழ்ந்தது. வண்டியை 20 மி.மீ. இறக்கிவிட்டு, பாரம் ஏறினாலும் பழைய ஸ்பிரிங்கில் பாரத்தோடு நின்ற உயரத்தைவிடத் தாழக்கூடாது என்றால், 120 கிலோவுக்கு 40 மி.மீ. மட்டுமே அமுங்கலாம். விறைப்பு 3 கிலோ, அதாவது 50 சதவீதம் கூடுதல். அப்படிப் போட்டால் காலி வண்டியில் பின் சீட்டில் உட்கார முடியாது. மழையில் நனைந்த வளைவில் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். 10 மி.மீ. மட்டும் இறக்கினால் 2.4 கிலோ போதும், 20 சதவீதம் கூடுதல். முழு பாரத்தில் பழைய உயரமே கிடைக்கும், அலைச்சலும் அடங்கும். குடும்பத்தோடு ஓட்டும் வண்டிக்கு இதுவே எல்லை என்பது என் கருத்து.

இந்த 10 மி.மீ. கம்பெனி உயரத்திலிருந்து கணக்கிட வேண்டியது, இப்போது தாழ்ந்து நிற்கும் உயரத்திலிருந்து அல்ல. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விறைப்பு கூடிய ஸ்பிரிங்கைப் பழைய நீளத்திலேயே போட்டால் வண்டி இறங்காது, 17 மி.மீ. ஏறிவிடும். 10 மி.மீ. இறங்க வேண்டுமானால் நீளம் 27 மி.மீ. குறைந்து 303 ஆக வேண்டும். அப்போதும் தொங்கும்போது 7 மி.மீ. இடைவெளி விழும். ஆகவே முழுதாக நீளும்போது பழையதைவிட 15 மி.மீ. குட்டையான ஷாக் தேட வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி ஷாக்கை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். விறைப்பு 20 சதவீதம் கூடினால் திரும்பி எழும் வேகத்தை அடக்கும் பிடியும் சுமார் 10 சதவீதம் கூட வேண்டும், ஓய்ந்த ஷாக்கால் அது முடியாது என்பது இன்னொரு காரணம்.

இப்போதைய விறைப்பைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. நான்கு சிமென்ட் மூட்டை போதும், தலா 50 கிலோ. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளக்க வேண்டும். மூட்டைகளைச் சரியாகப் பின் அச்சுக்கு மேலே வைக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் வைத்தால் முன்பக்கம் தூக்கி, கணக்கு தப்பும். மீண்டும் அமுக்கிவிட்டு அளங்கள். பக்கத்துக்கு 100 கிலோவுக்கு 50 மி.மீ. தாழ்ந்தால் சக்கரத்தில் விறைப்பு 2 கிலோ. மெரினா, ஆல்டுரா போல ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டில் சேர்ந்தது) உள்ள வண்டிகளில் ஸ்பிரிங்கின் விறைப்பும் ஏறக்குறைய அதேதான். சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் ஆர்மின் நடுவில் ஸ்பிரிங் உட்காரும் வண்டியில் அப்படியல்ல. பாடிப் பக்க முனையிலிருந்து ஆர்ம் நீளத்தில் பத்தில் ஏழு பங்கு தள்ளி ஸ்பிரிங் இருந்தால், அதன் விறைப்பில் பாதிதான் சக்கரத்துக்கு வரும். இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் உடைந்த சுற்றையோ நசுங்கிய சீட் ரப்பரையோ தேடுங்கள். உவரி, திருச்செந்தூர் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து கீழ்ச் சுற்று உடைந்திருப்பது சாதாரணம்.

ஸ்பிரிங்கை அளவு சொல்லிச் செய்து வாங்குகிறவர்கள், குளிரவைத்து டெம்பர் செய்த பிறகு சுருளை முழுவதும் அமுக்கி விட்டார்களா என்று கேளுங்கள். அது செய்யாத ஸ்பிரிங் முதல் மாதத்திலேயே தாழும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றும் முன், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரில் இரு பக்கமும் சமமாக இறுக்கியிருக்க வேண்டும், கயிறு கட்டிச் சமாளிப்பது உயிரோடு விளையாடுவது. சீட் ரப்பர், பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட் மூன்றும் புதிது போடுங்கள். ஆர்ம் புஷ் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் பிய்யும். சக்கரம் தரையில் நின்ற பிறகே கடைசி இறுக்கு.

பலர் மறப்பது பிரேக். சில வேகன்களில் பின் அச்சோடு கம்பியால் இணைத்த பிரேக் அழுத்த வால்வு உண்டு. வால் தாழ்ந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியை இறக்கிவிட்டு இந்தக் கம்பியைத் திருத்தாவிட்டால், காலி வண்டியில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி, வண்டி சுழலும். ஹெட்லைட்டையும் இறக்கிச் சரிசெய்யுங்கள். அலைன்மென்ட் பார்க்காவிட்டால் பின் டயர் உள்பக்கம் தேயும்.

நம் சாலைகளையும் நினைக்க வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு விதி வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் சொன்னது. நம் ஊர்த் தெருக்களில் அதைவிடக் குறுகி, உயர்ந்து நிற்பவையே அதிகம். பின்பக்கம் நீண்ட வேகனுக்கு வால் இடிக்கும் இடம் அதுதான். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறுகிறவர்களுக்கு இறக்கவே வேண்டாம் என்பேன், விறைப்பை மட்டும் கூட்டினால் போதும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி அளவிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றன. 15 வருடம் தாண்டிய வண்டி பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன் நின்றாக வேண்டும். வேலையில் இறங்கும் முன் அங்கே கேட்டுக்கொள்வது நல்லது.

500 கிலோமீட்டர் ஓடியபின் நான்கு சக்கர உயரத்தையும் மீண்டும் அளந்து, பழைய அளவோடு ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஸ்பிரிங் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கம்பி கனம், பாரமில்லா நீளம், மி.மீ.க்கு எத்தனை கிலோ என்ற மூன்றையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள். 'ஹார்டு' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் இன்று வாடிக்கையாளர்கள் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை