கணவன் மறுக்கும் மணவிலக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

யூத சமயம் இன்று எதிர்கொள்ளும் கேள்விகளுள் மிகக் கடினமானது, ‘கெட்’ எனப்படும் மணவிலக்கு ஆவணத்தைக் கணவன் மனமுவந்து கொடுக்காதவரை மனைவி மறுமணம் செய்ய இயலாது என்னும் விதியே. இஸ்ரேலில் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதர்களின் மணவிலக்கு ரபிகள் எனப்படும் யூத சமய குருமாரின் நீதிமன்றங்களுக்கே உரியது என்பதால், மதப்பற்று இல்லாத பெண்ணும் இதிலிருந்து தப்ப முடிவதில்லை. மறுப்பவரின் ஓட்டுநர் உரிமத்தை முடக்கவும், அவரைச் சிறையில் அடைக்கவும் 1995-இல் சட்டம் வந்தது. சிறை சென்றும் இணங்காதவர்கள் உண்டு. வற்புறுத்திப் பெற்ற ஆவணம் செல்லாது என்ற அச்சம் ரபிகளைத் தயங்க வைக்கிறது. ஆயினும், மனைவியின் சம்மதமின்றி அவளை விலக்கலாகாது என ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ரபி கெர்ஷோம் தடை விதித்ததாகச் சொல்லும் மரபு, திருத்தத்துக்கு இடமில்லாததன்று. ஆவணத்தைத் தரும்வரை கணவன் நாள்தோறும் பராமரிப்புத் தொகை செலுத்த வேண்டும் என்னும் திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தம் அமெரிக்க ரபிகள் பலரிடம் வழக்கத்தில் உள்ளது. அதை ஒவ்வொரு ரபியும் கட்டாயமாக்க வேண்டும்.

ஒரு வாசகர், மதுரை